ஒரு கழித்தல் குறியும் ஒரு சத்தியக் கடதாசியும்

1

சென்ற மாதம் மகளின் பள்ளியில் பெற்றோருக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். டிஷ் டிசைன் செய்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரமில்லாமல் ஏதாவது செய்வீர்களா, பிறந்தநாள் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பதுண்டா என்று விசாரித்தார். பதினைந்து வயது நிலா என்னிடமிருந்து மெல்ல இரண்டடி நகர்ந்து, சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களைப் பார்க்கப் போய்விட்டாள். நான் செய்யும் டிஷ் கோபுரத்தின் உச்சியில் நின்று நுண்ணலைகளை வாங்கவும் அனுப்பவும் செய்யும் ஆன்டெனா என்று நான் விளக்கத் தொடங்கியபோது அவர் இன்னொருவர் பக்கம் திரும்பிவிட்டார்.

இந்த மாதத்தோடு நாங்கள் மெல்போர்ன் வந்து பதினோரு வருடம் ஆகிறது. திருச்சியில் படிப்பு, பெங்களூரில் ஏழு வருடம் ஆன்டெனா வேலை, அப்புறம் இங்கே. வீடு மேற்கே பொயிண்ட் குக்கில். அலுவலகம் நகரத்தைத் தாண்டிக் கிழக்கே. காலையும் மாலையும் வெஸ்ட் கேட் பாலத்தில் ஊர்ந்து போவதில்தான் என் ஆயுளின் ஒரு பகுதி கழிகிறது. கணவர் சேகர் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறார். நிலாவின் கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு கிளென் வேவர்லி பள்ளி எல்லைக்குள் வீடு வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் சனிக்கிழமைதோறும் விற்பனைக்கு வந்த வீடுகளைப் பார்க்கப் போய், யாரோ ஒருவரின் படுக்கையறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருக்கிறோம். எப்படியும் கிளம்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே இருப்பதால் பொயிண்ட் குக் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. படங்களெல்லாம் தரையில் சாய்ந்து நிற்கின்றன.

ஊரிலிருந்து யாராவது போனில் "செட்டில் ஆயிட்டீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பேன். சொல்லிவிட்டு எழுந்து நடக்கத் தொடங்குவேன். எனக்குப் போன் பேசும்போது உட்கார வராது.

இந்த வருடத் தொடக்கத்தில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். அது வேறொருவர் தலையில் விழ இருந்தது.

2

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிழை புரியாது.

ரேடியோ அலை ஒரு திசையில் அதிர்ந்துகொண்டு போகும். நின்றவாக்கில் அதிரலாம், படுத்தவாக்கில் அதிரலாம். பள்ளியில் தளவிளைவு என்று படித்தது இதுதான். ஒரே அலைவரிசையில் நின்றவாக்கில் ஒரு செய்தியும் படுத்தவாக்கில் இன்னொரு செய்தியும் அனுப்பினால் ஒரே பாதையில் இரண்டு மடங்கு வேலை நடக்கும். ஆனால் நின்றது ஒரு துளியும் படுத்ததற்குள் கசியக் கூடாது. கசிந்தால் இரண்டு செய்தியும் கெடும்.

கசிவுக்குப் பெரும்பாலும் டிஷ்ஷே காரணமாகிவிடும். அலையை ஊதும் கொம்பு டிஷ்ஷுக்கு நேர் முன்னால் நின்றால் வழியை மறைக்கும் என்று அதைக் கீழே ஒதுக்கி வைப்போம். அப்படிச் சாய்வாக வந்து படும் அலையை டிஷ்ஷின் வளைவு இரு ஓரங்களிலும் லேசாகத் திருகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய இடையில் இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டு வைக்கிறோம். பெரிய தட்டு எந்தப் பக்கம் திருகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சின்னத் தட்டு முன்கூட்டியே திருகிவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அதற்குச் சின்னத் தட்டைச் சரியான கோணத்தில் சாய்க்க வேண்டும். சில டிகிரிதான். அந்தச் சில டிகிரியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

தட்டுகளைச் செய்தது ட்ருகனினாவில் உள்ள ஒரு சின்னப் பட்டறை. கிடங்குகளுக்கு நடுவில், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். அங்கே கண்ணாடியிழையை அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போட்டுப் பிசின் தடவி டிஷ் உருவாக்குபவர் சிவநேசன். முல்லைத்தீவுக்காரர். அங்கே கண்ணாடியிழையில் மீன்பிடிப் படகு கட்டியவர். படகில்தான் இந்த நாட்டுக்கும் வந்தார். வேறு யாரோ கட்டிய படகு, கட்டினவனுக்கு வேலை தெரியாது என்று ஒருமுறை சொன்னார். தற்காலிக விசா. அது முடிவதும் புதுப்பிப்பதும் நடுவில் காத்திருப்பதுமாகவே அவருக்கு வருடங்கள் போயிருக்கின்றன. என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் இருவருக்கும் தமிழ்தான் என்றாலும் நடுவில் அவ்வப்போது பள்ளம் வரும். அவருக்கு நாற்காலி கதிரை. எனக்குச் சமையலறை, அவருக்குக் குசினி. இதெல்லாம் சிரித்துவிட்டுத் தாண்டக்கூடிய பள்ளங்கள். தாண்டாமல் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு.

சின்னத் தட்டையும் கொம்பையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கியை அவர் செய்து முடித்த அன்று நான் பட்டறைக்குப் போயிருந்தேன். வெள்ளைப் பூச்சு காய்ந்து பளபளவென்று நின்றது.

"அக்கா, இந்தச் சரிவை ஒருக்கா வடிவாப் பாருங்கோ," என்றார்.

வடிவு என்றால் அவர்கள் பேச்சில் அழகு என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்த பெருமையில் நான் சொன்னேன்:

"ரொம்ப அழகா இருக்கு, சிவநேசன்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

3

சோதனை அறை என்பது சுவர், கூரை, தரை எங்கும் நீலப் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறை. உள்ளே போனால் நம் குரல் நம்மிடம் திரும்பி வராது. எங்கள் ஆன்டெனாவை அங்கே இரண்டு நாள் சுழற்றிச் சுழற்றி அளந்தார்கள். அலை போக வேண்டிய திசையில் போனது. வலிமையும் ஏறக்குறைய சரி. கசிவு மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டியது, பத்து மடங்குக்கு மேல் இருந்தது.

என் மேலாளர் ஃபியோனா நல்ல பெண்மணிதான். வாடிக்கையாளருக்குக் கொடுத்த நாள் நெருங்கியிருந்தது. என் கணக்கு கணினியில் அழகாக நின்றது. ஆகவே பழுது செய்நேர்த்தியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. தட்டின் பரப்பு நெளிந்திருக்கலாம், இழை அடுக்கிய திசை மாறியிருக்கலாம் என்று நானே இரண்டு காரணம் எடுத்துக் கொடுத்தேன். மனமார நம்பித்தான் கொடுத்தேன். அன்று வியாழக்கிழமை. மாலைக்குள் பட்டறை முதலாளிக்கு மின்னஞ்சல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை நான் சிவநேசனுக்குப் போன் செய்தேன்.

"சிவநேசன், இன்னைக்கு வர்றேன். உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"ஓம் அக்கா. வாங்கோ," என்றார்.

நான் போனபோது அவர் வேலை உடுப்பில் இல்லை. சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கைகள் இரண்டும் பின்னால்.

"பேசுங்கோ அக்கா. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"என்ன இது, உட்காருங்க. சும்மா பேசத்தான் வந்தேன்."

"எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது. மற்றதுக்குக் கதைக்கிறது எண்டு சொல்லுவம். நீங்கள் போனில பேச வேணும் எண்டு சொன்ன உடன எனக்கு விளங்கிட்டுது. முதலாளி காலமையே சொல்லிப் போட்டார், திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாமாம்."

திட்டுவதற்காக வரவில்லை என்று சொன்னேன். பரப்பு நெளிந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

"அளவுங்கோ. என்ர கையில பிழை இல்லை அக்கா. ஆனால் நான் அண்டைக்கே உங்களிட்டக் கேட்டனான் எல்லே, சரிவை வடிவாப் பாருங்கோ எண்டு. நீங்கள் அழகா இருக்கு எண்டு சொல்லிப் போட்டுப் போட்டீங்கள்."

"நீங்க கேட்டது…"

"வடிவாப் பாருங்கோ எண்டால் கவனமாப் பாருங்கோ எண்டு. போன வருசம் உங்களுக்குச் சின்னதா ஒரு மாதிரி செய்து தந்தனான். அதில இந்தத் தாங்கியின்ர மூக்கு மேல பாத்தது. இது கீழ பாக்குது. வரைபடத்தில அப்பிடித்தான் கிடக்குது. படத்தில உள்ளபடி செய் எண்டு முதலாளி சொன்னவர். ஆனாலும் எனக்கு மனம் கேக்கேல்லை. அதுதான் உங்களிட்டக் கேட்டது."

4

வரைபடத்தை வண்டிக்குள் உட்கார்ந்தே மடிக்கணினியில் திறந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கில் ஆன்டெனாவை இடப்பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். வரைபடம் வலப்பக்கத்திலிருந்து பார்ப்பது. மாற்றி எழுதும்போது கோணத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தட்டும் கொம்பும் ஒன்றாகச் சாய்ந்திருந்ததால் மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒழுங்காகவே வேலை செய்தது. திருகல் மட்டும் ஒன்றை ஒன்று அழிப்பதற்குப் பதிலாக ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது.

கண்ணாடி வழியே பார்த்தேன். சிவநேசன் தன் உளி, அரம் எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கிளென் வேவர்லியில் ஒரு வீட்டின் குளியலறையில் நின்றுகொண்டு சேகரிடம் சொன்னேன். அவர் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன இருக்கு. வரைபடத்துக்கு ஒரு ரிவிஷன் போடு. தாங்கியை மாத்தச் சொல்லு. சரியாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்தாளுக்கு வேலை போயிடுச்சு."

"அவங்க கம்பெனி அவங்க பிரச்சினை. உனக்குப் பிரமோஷன் வர்ற நேரம். வீடு வேற பாத்துட்டிருக்கோம்." குழாயை மூடினார். "நான் தப்பானவன்னு நினைக்காத. நாமளும் பயந்துகிட்டுத்தான் இங்க இருக்கோம்."

அவரைத் தப்பானவர் என்று நினைக்கவில்லை. அவர் சொன்னதை நான் வெள்ளிக்கிழமையே வண்டிக்குள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது அதனால்தான்.

ஞாயிறு மதியம் நிலாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். அவளும் நானும் தனியாக இருப்பது வண்டியில் மட்டும்தான். அவள் காதுகளில் எப்போதும் பாட்டுக் கேட்கும் வெள்ளைப் பொத்தான்கள் இருக்கும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சில நாள் பதிலும் இருக்காது. அவள் கேட்கவில்லை என்ற தைரியத்தில், ஃபியோனாவிடம் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை நான் வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன். வரைபடத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. குறி ஒன்று விடுபட்டுப்போனது. இப்படிப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் ஒரு காதின் பொத்தானை எடுத்தாள்.

"ஹூ மேட் இட், அம்மா?"

"என்ன?"

"தி மிஸ்டேக். யூ கீப் சேயிங் இட் ஹாப்பன்ட். ஹூ டிட் இட்?"

"நான்தான்."

"தென் சே தட்." பொத்தானைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். என் இலக்கணத்தைத் திருத்தியதாகத்தான் அவள் நினைத்திருப்பாள்.

தமிழில் பிழை தானாக நேர்ந்துவிடலாம், விடுபட்டுப் போகலாம், யாரும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்த வசதியை நான் ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுபோகப் பார்த்திருக்கிறேன். விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கும் வரை நான் நகரவில்லை.

5

திங்கள் காலை ஃபியோனாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பிழையை நான் செய்தேன், பட்டறை செய்யவில்லை என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் மற்றதெல்லாம் எளிதாக வந்தது. வரைபடத்தை மேசையில் விரித்துக் கோணத்தைக் காட்டினேன். பட்டறைக்காரர் என்னை முன்பே எச்சரித்தார், எனக்குத்தான் புரியவில்லை என்பதையும் சொன்னேன்.

ஃபியோனா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருக்கும். எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். இன்று திங்கள், என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பட்டறை முதலாளியிடம் நானே போனில் சொன்னேன். மதியமே சிவநேசனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். புதிய தாங்கியை அவரே மூன்று நாளில் செய்து முடித்தார். இந்த முறை நான் பக்கத்தில் நின்று கோணமானியை வைத்து நான்கு தடவை பார்த்தேன்.

"காணும் அக்கா, இன்னும் பாத்தால் தேய்ஞ்சு போம்," என்றார். அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும்.

மறு சோதனையில் கசிவு எல்லைக்கு வெகு கீழே இறங்கியது. திரையில் அந்தக் கோடு கீழே போய்ப் படுத்தபோது சோதனை அறைக்காரர்கள் கை தட்டினார்கள். நான்கு மாதக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தேன்.

பிரமோஷன் வரவில்லை. அடுத்த திட்டத்தின் தலைமை வேறொருவருக்குப் போனது. என் வரைபடங்களில் இப்போது இரண்டாவது கையெழுத்து வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய ஒரு பையன் போடுகிறான். நன்றாகத்தான் பார்க்கிறான். சேகர் இரண்டு வாரம் வீடு பார்க்கப் போகலாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மறுபடி கிளம்பினோம்.

6

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது சிவநேசன் போன் செய்தார்.

"அக்கா, ஒரு உதவி. பிழை என்ர இல்லை எண்டு ஒரு கடிதம் தருவீங்களோ? முதலாளி என்னை நிப்பாட்டினது மூண்டு நாள் எண்டாலும் அது எழுத்தில கிடக்குது. விசா அலுவலா ஏதும் கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது?"

அலுவலகத் தாளிலேயே எழுதித் தர முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டுப் பார்த்தேன். மனிதவளப் பிரிவில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், சட்டப் பிரிவுக்குப் போய், பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. நிறுவனத்தின் பெயரில் அப்படி ஒரு கடிதம் தர இயலாது. தனிப்பட்ட முறையில் நான் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

நானே எழுதினேன். வெறும் கடிதமாக இருந்தால் மதிப்பிருக்காது என்று, சாட்சி முன்னால் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தில் எழுதினேன். சிவநேசன் அதைச் சத்தியக் கடதாசி என்றார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவரே அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். பொயிண்ட் குக்கில் எங்கள் தெருமுனைக் கடையில் இருமல் மருந்து வாங்கும் வரிசையில் நின்று, என் பிழையை நான் செய்தேன் என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை அதை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு மூன்று பேரோடு தங்கியிருக்கும் வீடு. கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் தடித்த ஃபைல் ஒன்றை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறைகளுக்குள் வருட வாரியாகக் கடிதங்கள்.

"இதில கிடக்கிற எல்லாம் என்னட்டக் கேள்வி கேக்கிற கடிதம். என்னில பிழை இல்லை எண்டு வந்தது இதுதான் முதல்," என்றார். ஆனால் என் கடிதத்தை உள்ளே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார்.

"என்ன, ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்டும் விடேல்லை. பெயர் ஒண்டுதான்."

"சிவநேசன்னுதானே எழுதியிருக்கேன்?"

"ஓம், நீங்கள் சரியா எழுதியிருக்கிறீங்கள். அதுதான் பிரச்சினை." ஃபைலின் முதல் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். "வந்திறங்கின அண்டைக்கு ஆரோ பிழையா எழுதிப் போட்டாங்கள். ஆங்கிலத்தில ஒரு எழுத்து. திருத்தச் சொல்லி ரெண்டு தரம் விண்ணப்பிச்சுப் பாத்தன். சரிவரேல்லை. இப்ப கார்டு, வங்கி, விசா எல்லாத்திலயும் அதுதான். இதில மட்டும் வேற பெயர் இருந்தால் இது வேற ஆள் எண்டு சொல்லுவாங்கள்."

பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து மாறியதில் நேசன் நாசனாகியிருந்தார். அவர் அதற்காகச் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து முழுவதையும் புதிதாக அடித்தேன். பிழை என்னுடையது, சிவநாசனுடையது அல்ல.

திங்கட்கிழமை மறுபடியும் மருந்துக்கடை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே பெண். போன வாரம்தானே வந்தீர்கள் என்றார். ஒரு சின்னத் திருத்தம் என்றேன். அவர் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டும் முன், சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா?

ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.